ஒரு மூலக்கூறு மருந்தாகும் வரை

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் நாங்கள் இருவரும் இணைந்து நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நூறாண்டு காணும் கல்லூரித் தாயின் முற்றத்தில் நின்று பேசக் கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதுகிறோம். நாங்கள் இருவரும் இங்கே ஒரே வகுப்பில் படித்தவர்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் ஆய்வுகூடத்தில் ஒரே மேசையைப் பகிர்ந்தவர்கள். இன்று வெளிநாடொன்றில் ஒரே ஆய்வுக் குழுவில் பணியாற்றுகிறோம். புற்றுநோய்க்கு எதிராகப் பயன்படக்கூடிய சிறு மூலக்கூறுகளை எங்களில் ஒருவர் ஆக்குகிறார். மற்றவர் அவற்றைக் கலங்களில் இட்டுச் சோதிக்கிறார். வீட்டுப் பேச்சில் சொன்னால் ஒருவர் சமைக்கிறார், மற்றவர் உப்புப் பார்க்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய தங்கைக்குப் புற்றுநோய் முற்றிவிட்டிருந்தது. "அடியே, நீங்கள் செய்யிற மருந்திலை கொஞ்சம் தங்கச்சிக்குத் தர ஏலாதே?" என்று கேட்டாள். அந்த வாரம் எங்கள் கையில் உண்மையாகவே ஒரு சேர்வை இருந்தது. மிகக் குறைந்த செறிவிலேயே புற்றுநோய்க் கலங்களைக் கொன்றது. ஆனாலும் நாங்கள் "இல்லை" என்றோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்குவதே இன்றைய எமது உரை.

சிறு மூலக்கூறு என்பது அஸ்பிரினைப் போலச் சில பத்து அணுக்களால் ஆனது. பெரும்பாலும் வில்லையாக விழுங்கலாம். குருதியிற் கலந்து கலத்தின் உள்ளேயும் புகும். இத்தகைய மருந்துகளைத் திட்டமிட்டு ஆக்க வழிகாட்டியவர்களில் ஒரு பெண்மணியை நீங்கள் அறிய வேண்டும். அவர் ஜேர்ட்ரூட் எலியன், 1918இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 15 வயதில், பாட்டனார் வயிற்றுப் புற்றுநோயால் இறப்பதைக் கண்டு இரசாயனவியலைத் தேர்ந்தெடுத்தார். பட்டம் பெற்ற பின்னும் பெண் என்பதால் ஆய்வுகூட வேலை கிடைக்கவில்லை. ஊறுகாயின் புளிப்பை அளக்கும் வேலைகூடச் செய்தார். உலகப் போரால் ஆண்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் கதவு திறந்தது. 1944இல் ஜோர்ஜ் ஹிச்சிங்ஸின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார்.

அவர்களுடைய எண்ணம் எளிமையானது. கலம் பிரிவதற்கு டி.என்.ஏ. ஆக்க வேண்டும், அதற்குப் பியூரின் என்ற மூலப்பொருள் தேவை. பியூரினைப் போலத் தோற்றமளிக்கும் போலி ஒன்றைக் கொடுத்தால் வேகமாகப் பிரியும் கலம் ஏமாந்துவிடும். எலியன் நூற்றுக்கு மேற்பட்ட சேர்வைகளை ஆக்கிச் சோதித்தார். அவற்றுள் ஒன்று, இயற்கைப் பியூரின் ஒன்றின் ஒட்சிசன் அணு இருக்குமிடத்தில் கந்தக அணுவை வைத்தது. அதுவே 6-மேர்கப்ரோபியூரின். குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களிலேயே இறந்துபோன காலம் அது. 1953இல் அம்மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. பிள்ளைகள் எழுந்து விளையாடினார்கள். ஆனால் பெரும்பாலானோரில் நோய் திரும்பி வந்தது.

எலியன் அத்துடன் ஓயவில்லை. மருத்துவர்களும் ஓயவில்லை, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கப் படிப்படியாகக் கற்றார்கள். நம் வீட்டு வேலியோரம் பூக்கும் பட்டிப்பூச் செடியிலிருந்து பெறப்படும் வின்கிறிஸ்ரினும் அவற்றுள் ஒன்று. இன்று வசதி மிக்க நாடுகளில் இந்நோய் கண்ட பிள்ளைகளிற் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். மேர்கப்ரோபியூரின் இன்றும் பயன்படுகிறது. கலாநிதிப் பட்டப் படிப்பை முடிக்காத எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார்.

அடுத்த தலைமுறை குறியை இன்னும் கூர்மையாக்கியது. சி.எம்.எல். எனப்படும் நாட்பட்ட குருதிப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை இடம்மாற்றிக் கொள்கின்றன. இதை 1973இல் காட்டியவர் ஜனெற் ரௌலி. நான்கு பிள்ளைகளின் தாயான அவர் நிறமூர்த்தப் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையிற் பரப்பி ஆராய்ந்தவர். அந்த இடமாற்றத்தால் ஓயாமல் வேலை செய்யும் ஒரு நொதியம் உருவாகிறது. அதை அடைத்தால் நோய் அடங்க வேண்டும்.

சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் நிக்கலஸ் லைடனின் குழுவில் ஜூர்க் சிமர்மன் என்ற இரசாயனவியலாளர் இதற்கான மூலக்கூறைச் செதுக்கினார். தொடக்கச் சேர்வை வேறு நொதியங்களையும் தாக்கியது; ஒரு சிறு மெதைல் கூட்டத்தைச் சேர்த்ததும் வேண்டாத ஒரு பிணைப்பு நின்றது. நீரில் நன்றாகக் கரையவில்லை. இன்னொரு வளையத்தைச் சேர்த்ததும் வில்லையாகக் கொடுக்க முடிந்தது. இப்படி ஒவ்வொன்றாகத் திருத்தி வந்ததே இமற்றினிப். 1998இல் பிரையன் ட்ரூக்கர் முதலியோர் நோயாளரிடம் பரிசோதனையைத் தொடங்கினார்கள். 300 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் பெற்ற 54 பேரில் 53 பேரின் குருதிக் கல எண்ணிக்கை வழமைக்குத் திரும்பியது. 2001இல் அமெரிக்கா அங்கீகரித்தது. நொதியத்தை அறிந்த பின்னும் எத்தனை ஆண்டுகள் சென்றன என்பதைக் கவனியுங்கள்.

இனி எங்கள் சேர்வைக்கு வருகிறோம். உள்ளங்கையளவு தட்டொன்றில் 96 குழிகள். அவற்றிற் கலங்களை வளர்த்துச் சேர்வையை வெவ்வேறு செறிவுகளில் இடுவோம். சில குழிகளுக்குக் கரைப்பான் மட்டுமே, ஒப்பிடுவதற்காக. மூன்று நாளின் பின் மஞ்சள் சாயமொன்றைச் சேர்ப்போம். உயிருள்ள கலங்கள் அதை ஊதாவாக்கும், இறந்தவை ஆக்கா. தோழி அழைத்த வாரம் எங்கள் தட்டு மஞ்சளாகவே இருந்தது. நாங்கள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

ஆனால் இங்கே எமக்கு இரசாயனவியல் கற்பித்த ஆசிரியை, நியமிப்புச் செய்யும்போதெல்லாம் சொல்வார்: "முதல் வாசிப்பை நம்பாதேங்கோ பிள்ளையள். மூன்று தரம் ஒத்து வந்தால் எழுதுங்கோ." ஆகவே சேர்வையை மீண்டும் ஆக்கினோம். இம்முறை அதிக கவனத்துடன் தூய்தாக்கினோம். தட்டு முழுவதும் ஊதா! முதற்றொகுதியில், ஊக்கியாகப் பயன்படுத்திய பல்லேடியம் என்ற உலோகம் சிறிதளவு எஞ்சியிருந்தது. அந்த உலோக உப்பைத் தனியே இட்டுப் பார்த்தோம்; கலங்கள் இறந்தன. எங்கள் சேர்வை ஒன்றுமே செய்யவில்லை. பிழை எங்களுடையது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மாதம் சென்றது.

அந்த இரவு மனம் இளகி ஒரு சிறு போத்தலை அனுப்பியிருந்தால், தோழியின் தங்கைக்கு உலோக நஞ்சைத்தான் அனுப்பியிருப்போம்.

தூய சேர்வையே கலங்களைக் கொன்றிருந்தாலும் எங்கள் பதில் மாறியிராது. நல்ல கலங்களை அது விட்டுவைக்குமா? ஈரல் அதை உடனே சிதைத்துவிடுமா? இதயத்துக்குத் தீங்கு செய்யுமா? எலியில் கட்டி சுருங்குமா? இவற்றையெல்லாம் கடந்த பின்னரே மனிதரில் முதலில் அளவும் பாதுகாப்பும், பின்னர் பயனும், இறுதியில் வழக்கத்திலுள்ள சிகிச்சையுடன் ஒப்பீடும் பார்க்கப்படும். பெரும்பாலான சேர்வைகள் இடைவழியிலேயே நின்றுவிடும்.

தோழியின் தங்கை சில மாதங்களில் காலமானார். "இல்லை" என்று சொன்னது இன்றும் எங்களுக்கு வலிக்கிறது. இன்று கேட்டாலும் அதையே சொல்வோம். அன்று நாங்கள் செய்யக்கூடியதாக இருந்தது, அவருடைய வைத்தியர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தோழியுடன் இருந்து எழுதிக் கொடுத்தது மட்டுமே.

சகோதரிகளே, "புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு" என்ற செய்தி உங்கள் கைத்தொலைபேசிக்கு வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதில் சோதித்தார்கள்: தட்டிலா, எலியிலா, மனிதரிலா? எதனுடன் ஒப்பிட்டார்கள்? வேறொருவர் திருப்பிச் செய்து பார்த்தாரா? அச்செய்தியை நம்பி, நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை எவரும் நிறுத்த விடாதீர்கள். உண்மையான மருத்துவப் பரிசோதனை என்றால் நன்மை தீமையை விளக்கி எழுத்து மூலம் சம்மதம் பெறுவார்கள். ஒழுக்கவியற் குழுவின் அனுமதி இருக்கும். இலங்கையில் இவற்றுக்கென ஒரு பதிவேடும் உண்டு.

இன்று ஆய்வுகூட மேசையில் அளவியைப் பிடித்து நிற்கும் எங்கள் தங்கைமாருக்கும் ஒரு சொல். ஒத்து வராத வாசிப்பைத் திருத்தி எழுதாதீர்கள். அப்படியே எழுதுங்கள், பிறகு மீண்டும் செய்யுங்கள். இப்பழக்கத்தை எமக்குத் தந்த கல்லூரித் தாய்க்கும், எம் ஆசிரியைக்கும் இவ்வுரையைக் காணிக்கையாக்கி விடைபெறுகிறோம்.