நல்ல நாள் எது?

(பொங்கல் விழாப் பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



வருஷம் முழுவதும் நாம் கொண்டாடிவரும் நாட்களைப் பற்றியும், கொண்டாட வேண்டிய நாட்களைப் பற்றியும் இக்கூட்டத்தில் பேசும்படி கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கிறேன். பொங்கலைக் கொண்டாடக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. நெல் விளைந்தது வாஸ்தவம். உழுதவனும், நாற்று நட்டுக் களை பறித்த பெண்களும், மாடும் பாடுபட்டது வாஸ்தவம். பாடுபட்டவர்கள் வயிறார உண்டு மகிழ எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால், பஞ்சாங்கக்காரர் இந்த நாளுக்கு வேறொரு காரணம் சொல்லுகிறார். இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான். உத்தராயண புண்ணிய காலம் பிறக்கிறது. ஆகையால் ஸ்நானம் செய், தானம் கொடு என்கிறார். இது உண்மைதானா என்று பார்ப்போம்.

தோழர்களே! இதற்கு நீங்கள் எந்தச் சாஸ்திரமும் படிக்க வேண்டியதில்லை. வாசலில் ஒரு குச்சியை நட்டு, தினமும் உச்சிவேளையில் அதன் நிழலை அளந்து வாருங்கள். டிசம்பர் 21, 22 தேதிகளில் அந்த நிழல் மிகவும் நீண்டிருக்கும். அதற்குப் பிறகு குறைய ஆரம்பித்துவிடும். அதாவது சூரியன் வடக்கே திரும்பி ஏறக்குறைய 23 நாள் கழித்துத்தான் நம் பஞ்சாங்கத்துக்குச் சேதி வந்து சேருகிறது! ஏனென்றால், பழைய சித்தாந்தக்காரர் கணக்கிட்ட வருஷம், பருவங்கள் சுற்றி வரும் வருஷத்தைவிடச் சுமார் 24 நிமிஷம் அதிகம். அறுபது வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் பிசகு சேர்ந்து, 1,400 வருஷத்தில் 23 நாளாகிவிட்டது. இது சுயமரியாதைக்காரன் கட்டிய கதையல்ல. விஞ்ஞானி மேகநாத் சாகா அவர்களின் தலைமையில் 1952-இல் அமைந்த சர்க்கார் கமிட்டி, 1955-இல் அறிக்கை எழுதி வெளிப்படுத்திய சங்கதியேயாகும்.

ஐரோப்பாவிலும் இப்படிப் பிசகு இருந்தது. 1582-இல் போப் கிரிகோரி, அக்டோபர் 4-ஆம் தேதிக்கு மறுநாளை அக்டோபர் 15 என்று மாற்றிப் பத்து நாளைத் தள்ளிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. போப் செய்த அந்தக் காரியத்தைக்கூட நம் பஞ்சாங்கக்காரர் செய்யத் துணியவில்லை.

நிற்க. பஞ்சாங்கமாவது ஒன்றா என்றால் அதுவும் இல்லை. வாக்கியம் என்று ஒன்று, திருக்கணிதம் என்று ஒன்று. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனிப்பெயர்ச்சி என்றார்கள். வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலாரோ, இல்லை, 2026-இல்தான் என்றார்கள். ஒரு புஸ்தகத்தில் பெயர்ந்துவிட்ட சனி, மற்றொரு புஸ்தகத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் பெயராமல் உட்கார்ந்திருந்தது! ஆகாயத்தில் இருப்பதோ ஒரே சனி. பரிகாரத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் எந்தப் புஸ்தகத்துக்குக் கட்டினோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டாமா?

இனி, பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷச் சக்கரம் என்கிறார்களே, அதையும் பார்ப்போம். 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் செங்கற்பட்டில் முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாடு கூடிற்று. சௌந்தரபாண்டியனார் தலைமை வகித்தார். சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்றும், பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்தில் உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் செய்தார்கள். ஊரார் சிரித்தார்கள். அது விபவ வருஷம். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் விபவ வருஷம் வந்தபோது, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டு என்னும் சட்டம் 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில் அமுலுக்கு வந்தது. ஆனாலும், அதற்கு முன்பே கலியாணமானவர்களுக்கு அதில் பங்கில்லை. 2005-இல் இந்தியா முழுவதுக்கும் வந்த சட்டம் அந்தக் குறையையும் நீக்கியது. இவற்றைக் கொண்டுவந்தது சக்கரமா? எத்தனையோ விபவ வருஷங்கள் வந்து போயினவே. அவற்றில் ஒன்றாவது ஒரு பெண்ணுக்கு ஒரு குழி நிலம் கொடுத்ததுண்டா?

தோழர்களே! இதோடு நின்றுவிட்டால் போதாது. இப்பொழுது நம் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். இந்தப் பொங்கலுக்குத் தங்கை வீட்டுக்கு அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, புதுத்துணி எல்லாம் சீராக எடுத்துப் போகாத அண்ணன் இல்லை. அன்பாகக் கொடுப்பதை நான் குறை கூறவில்லை. ஆனால், அதே அண்ணன் பாகப்பிரிவினை வந்தவுடன், "உனக்குத்தான் வருஷா வருஷம் சீர் செய்கிறோமே" என்று சொல்லி, விடுதலைப் பத்திரத்தில் தங்கையின் கையெழுத்தை வாங்குகிறானா இல்லையா? கையெழுத்துப் போடாவிட்டால் பிறந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாதே என்று அவளும் போட்டுவிடுகிறாள். சட்டம் கொடுத்ததைச் சீர்த்தட்டு பிடுங்கிக்கொள்ளுகிறது. மேடையில் பெண் விடுதலை பேசும் நம்மவர் வீடுகளிலும் இது நடக்கிறது என்பதைச் சொல்லாமலிருக்க முடியவில்லை.

கலியாண முகூர்த்தத்தின் கதையும் இதுவே. ராகுகாலம் பார்க்காமலும், புரோகிதர் இல்லாமலும் எத்தனையோ பேர் மணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழ்ந்தார்கள். 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் அப்படிப்பட்ட மணம் ஒன்று செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. நல்ல நேரம் பார்க்காததால் அவர்கள் வாழ்வு கெடவில்லை. சட்டம் இல்லாததால்தான் கெடுதி வந்தது. அண்ணா அவர்களின் மந்திரிசபை 1967-இல் செய்த சட்டம், முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்துச் செல்லும்படியாக்கிற்று.

ஆகவே, நம் வருஷத்துக்கு வேறு நாட்கள் இருக்கின்றன. பிப்ரவரி 17, செங்கற்பட்டு நாள். 1600-இல் புரூனோவை ரோமாபுரியில் உயிரோடு கொளுத்தியதும் அதே தேதிதான். மார்ச் 20, 1927-இல் மகாத் நகரில் அம்பேத்கர் அவர்கள் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்த நாள். மார்ச் 30, 1924-இல் வைக்கம் தெருவில் நடப்பதற்காகச் சத்தியாக்கிரகம் தொடங்கிய நாள். மே 1, 1923-இல் சிங்காரவேலர் சென்னையில் தொழிலாளர் தினம் கொண்டாடிய நாள். டிசம்பர் 25, 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய நாள். அன்று விருந்து வேண்டாம், நினைவு வேண்டும்.

இவற்றையும் மாலை போட்டுச் சூடம் கொளுத்தும் நாட்களாக்கிவிட்டால் இன்னொரு பஞ்சாங்கம்தான் மிஞ்சும். அந்த நாளில் நடந்த காரியத்தை நாமும் ஒருபடி நடத்த வேண்டும். வைக்கம் நாளில் நம் ஊர்ச் சுடுகாட்டுப் பாதை எல்லோருக்கும் பொதுவா என்று பாருங்கள். மே தினத்தில் கூலி பாக்கியைத் தீர்த்துக் கொடுங்கள். வருகிற பிப்ரவரி 17-க்குள் தங்கையின் பங்கை அவள் பெயருக்கே எழுதிப் பதிவு செய்யுங்கள். பத்திர ஆபீசுக்கு ராகுகாலத்திலேயே போகலாம்; பத்திரம் செல்லும். அப்படிப் பதிவு செய்த நாள் எதுவோ அதுதான் அந்தக் குடும்பத்துக்கு நல்ல நாள் என்று சொல்லி, இத்துடன் என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.