பனிக்கடியில் ஒரு சாப்பாட்டுக் கிடங்கு

அக்டோபர் வந்துவிட்டால் கனடாக் காட்டுக் குளங்களில் பீவர் என்ற கொறிவிலங்குக்கு மூச்சுவிட நேரமிருக்காது. குளிர்காலத்தைத் தூங்கியே கழிக்கும் பிராணி அல்ல அது, சாப்பிட்டாக வேண்டும். அதனால் ஆஸ்பென், வில்லோ மரக்கிளைகளைக் கடித்து இழுத்துவந்து, தான் கட்டிய வீட்டருகே குளத்தின் அடிச்சேற்றில் செருகி வைக்கும். அந்த வீட்டின்மேல் அது பூசிய சேறும் குளிரில் உறைந்து கல்லாகிவிடும். ஓநாய் பிறாண்டினாலும் எளிதில் பெயராது. குளம் உறைந்தபின், தண்ணீருக்கடியில் இருக்கும் வாசல் வழியாகப் போய்க் கிளையை எடுத்துவரும். முன்பற்களுக்குப் பின்னால் உதடுகள் மூடிக்கொள்வதால், நீருக்குள்ளேயே மரத்தைக் கடித்தாலும் தொண்டைக்குள் தண்ணீர் போகாது. என்ன சாமர்த்தியமான அமைப்பு! அந்த வீட்டிலேயே மஸ்க்ராட் என்ற சிறு பிராணியும் சிலசமயம் ஒண்டுக்குடித்தனம் நடத்தும். பீவர் பெரும்பாலும் அதை விரட்டுவதில்லை.