மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை

(பேகம்பேட்டில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பேகம்பேட்டில் உட்கார்ந்து வியாதியைப் பற்றிப் பேசினால் ரொனால்ட் ராஸ் ஞாபகம் வராமல் இருக்காது. 1897 ஆகஸ்ட் 20-ம் தேதி கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை அவர் கண்டுபிடித்த கட்டடம் இங்கேதான் இருக்கிறது. ரத்தக் கொதிப்பைக் கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப்கூட வேண்டாம். கையில் பட்டை சுற்றினால் ஒரு நிமிஷ வேலை. மாத்திரையும் அப்படியொன்றும் விலை இல்லை. இருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 அறிக்கைப்படி, நம் தேசத்தில் ரத்தக் கொதிப்பு உள்ள சுமார் 18.8 கோடிப் பேரில், அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் 15 சதவீதம்தான். மாரடைப்பும் பக்கவாதமும் மீதிப் பேருக்காகக் காத்திருக்கின்றன.

வருஷா வருஷம் மாஸ்டர் செக்-அப் போகிற நம்மைவிட, அது கைக்கெட்டாத பேட்டைகளில்தான் இந்த இடைவெளி அதிகம். நம் ஊரிலேயே இதற்கு ஒரு நல்ல வழி கண்டிருக்கிறார்கள். 2018-ல் நவாப் சாஹிப் குண்ட்டாவில் மஸ்ஜித்-ஏ-இஷாக் என்ற மசூதிக்குள்ளேயே ஹெல்பிங் ஹாண்ட் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் ஒரு மருத்துவ நிலையம் திறந்தது. எந்த மதத்தவரும் வரலாம். ராஜேந்திரநகர் பக்கம் இன்னொரு மசூதியில் பெண்களுக்கென்றே உடற்பயிற்சிக் கூடம் வைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்குகிறவர்கூடப் பழகின இடத்துக்கு, தெரிந்தவர் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்.

லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் கறுப்பின ஆண்களுக்கு அந்தப் பழகின இடம் முடிதிருத்தும் கடை. 2018-ல் வெளியான ஆய்வில், 52 கடைகளுக்கு வந்த 319 பேரில் ஒரு பகுதியினருக்கு மருந்தாளுநர் கடைக்கே வந்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் அவர்களுக்கு மேல் அளவு சராசரி 27 புள்ளி இறங்கியது. வெறும் புத்திமதி கேட்டுக்கொண்டவர்களுக்கு 9 சொச்சம்தான்.

ஆகவே வருஷத்துக்கு ஒரு முகாம், பானர், குரூப் போட்டோ, கேசரி என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று 160 காட்டினவர் மறுமாதம் மாத்திரை வாங்கினாரா என்று கேட்க ஆள் வேண்டும். நம் அடுக்குமாடிகளில் சமையல் செய்பவர், பாத்திரம் தேய்க்கும் அம்மா, வாட்ச்மேன் இவர்களிலிருந்து தொடங்கலாம். இலவச மருந்துக்கு 2018 முதல் பஸ்தி தவாகானாக்கள் இருக்கின்றன. ஆனால் அவை திறந்திருக்கும் பகல் வேளையில்தான் அந்த அம்மா நம் ஆத்தில் நிற்கிறாள்! மாதம் அரை நாள் சம்பளத்தோடு அனுப்புவது நம் கையில்தான் இருக்கிறது.

நம் ஆத்தையும் விட்டுவிட வேண்டாம். சைவம் என்பதாலேயே இதயம் பத்திரமாகிவிடாது. நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும், அதாவது ஒரு டீஸ்பூன். மாவடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மாதத்தின் முதல் ஞாயிறு காலை நம் ஹாலைத் திறந்து வைக்கலாம். கருவி இரண்டு போதும். பெயரும் அளவும் எழுத ஒரு நோட்டு. வராதவர்களை விசாரிக்க நான்கு தொண்டர்கள். தெலுங்கும் உருதுவும் சரளமாகப் பேசும் மாமிகள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் காபி இடைவேளையில் காரியதரிசியிடம் சொல்லுங்கள்.