18 வயதோடு முடிந்துவிடுமா எத்தீமின் உரிமை?

(சேர்வராயன் மலை, ஏற்காட்டில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 



எத்தீம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் வந்து நிற்பது ஒரு சின்னஞ்சிறு குழந்தை. அதன் தலையைத் தடவிக் கொடுக்கிறோம். ரமலானில் புத்தாடை வாங்கித் தருகிறோம். பெருநாளில் நம் வீட்டுச் சோற்றில் ஒரு பங்கை அனுப்பி வைக்கிறோம். எத்தீமைப் பொறுப்பேற்றவர் சுவனத்தில் தம்முடன் நெருக்கமாக இருப்பார் என்பதை இரு விரல்களை இணைத்துக் காட்டி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்த ஹதீஸ், நம் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். ஆனால் அதே குழந்தை வளர்ந்து, மீசை அரும்பி, குரல் உடைந்து நம் முன்னே வந்து நிற்கும்போது நம் இரக்கம் சற்றுத் தயங்குகிறது. ‘வளர்ந்துவிட்டானே, இனி அவன் பாடு’ என்று கை ஓய்ந்துவிடுகிறது. இல்லங்களிலும், உறவினர் வீடுகளிலும், வளர்ப்புக் குடும்பங்களிலும் வளர்ந்து 16, 17 வயதில் நிற்கும் பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

ஏற்காட்டை வெளியூரார் காப்பிக்காக அறிவார்கள். அடுத்தபடியாக விடுதிப் பள்ளிகளுக்காக அறிவார்கள். 1917இல் தொடங்கிய மாண்ட்ஃபோர்ட் பள்ளி முதலாக, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்துப் படிக்க வைப்பது இம்மலைக்குப் பழகிய காட்சி. கோடை விடுமுறை தொடங்கும் நாளில் சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கார்கள் வரிசையாக வந்து நிற்கும். பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் தத்தம் தாய் தந்தையரிடம் ஓடுவார்கள். அப்பிள்ளைகளும் ஆண்டில் பத்து மாதம் விடுதியில்தான் வளர்கிறார்கள். எனினும் அவர்களை அழைத்துப் போக ஒரு கார் வரும். நம் தோட்டங்களில் கூலி வேலை செய்த பெற்றோரை இழந்து, பாட்டியிடமும் மாமாவிடமும், சமவெளியிலுள்ள இல்லங்களிலும் வளரும் பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதன் பொருளே வேறு. விடுதி காலியாகும், எங்கே போவது என்று தெரியாது.

இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு 18 வயது நிரம்பியதும் சட்டப்படி அது குழந்தை அல்ல. குழந்தைகள் இல்லத்தில் தொடர்ந்து இருக்க முடியாது. நம் பிள்ளைகள் அந்த வயதில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, எந்தக் கல்லூரியில் சேர்வது என்று தாயுடன் வாதாடிக் கொண்டிருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கோ ரேஷன் கார்டில் பெயரில்லை, ஆதாருக்குக் கொடுக்க முகவரியில்லை, கல்லூரி விண்ணப்பத்தில் பாதுகாவலர் கையெழுத்துக்கு ஆளில்லை. வேலை கிடைத்துப் போய், மூன்று மாதத்தில் அது பறிபோனால் திரும்பி வர வீடில்லை. இந்தக் கடைசிக் குறைதான் எல்லாவற்றிலும் பெரிது. நம் மகன் ஒரு வேலையை விட்டுவிட்டு வந்தால் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக் கொள்வோம், மூன்றாம் நாள் சோறு போடுவோம். அந்தச் சோறு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் நம் பிள்ளைகள் உலகில் துணிந்து நடக்கிறார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, ‘ஹஸரத், பருவமடைந்த பின் எத்தீம் நிலை இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே’ என்று கேட்கலாம். இருக்கிறது. அலீ (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது சட்டத்தின் எல்லையைச் சொல்கிறது. பருவமடைந்தவன் தன் கடமைகளுக்குத் தானே பொறுப்பாளி, பிறர் அவன் மீது அதிகாரம் செலுத்த முடியாது என்பது அதன் விளைவு. அவனைக் கைவிடுவதற்கு அதில் அனுமதி எங்கே இருக்கிறது? அந்நிஸா அத்தியாயத்தின் இரண்டாம் வசனத்தைப் பாருங்கள். எத்தீம்களின் செல்வத்தை அவர்களிடமே கொடுத்துவிடுமாறு அல்லாஹ் கட்டளையிடுகிறான். செல்வத்தை ஒப்படைப்பது அவர்கள் வளர்ந்த பின்பல்லவா? வளர்ந்துவிட்டவர்களையும் அவ்விடத்தில் எத்தீம்கள் என்றே இறைமறை அழைக்கிறது என்பதை முஃபஸ்ஸிர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். அவர்கள் எந்த நிலையிலிருந்து வந்தவர்கள் என்பது நமக்கு மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அழைக்கப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அதே அத்தியாயத்தின் ஆறாம் வசனம் இன்னும் நுட்பமானது. எத்தீம்களைத் திருமண வயதை அடையும் வரை சோதித்து வாருங்கள்; அவர்களிடம் ‘ருஷ்த்’ தென்பட்டால் சொத்தை ஒப்படையுங்கள்; ஒப்படைக்கும்போது சாட்சிகளை வைத்துக் கொள்ளுங்கள் என்பது அதன் கருத்து. ருஷ்த் என்றால் நன்மை தீமை அறிந்து, பணத்தைப் பொறுப்புடன் கையாளும் விவேகம். வயது மட்டும் போதாது, விவேகமும் தென்பட வேண்டும். சோதிப்பது என்பதற்கு ஹனஃபி சட்ட மேதைகள் தந்த விளக்கம் அழகானது. விவரம் அறிந்த சிறுவனுக்குச் சிறு வியாபாரம் செய்ய அனுமதி கொடுத்து, வாங்கவும் விற்கவும் விட்டுப் பார்க்கலாம் என்று இதிலிருந்து சட்டம் எடுத்தார்கள். நம் தோட்டத்து நாற்றங்காலில் என்ன செய்கிறோம்? காப்பி நாற்றைப் பந்தல் நிழலில் வளர்த்து, நடுவதற்கு முன் நிழலைச் சிறிது சிறிதாகக் குறைக்கிறோம். ஒரே நாளில் பந்தலைப் பிரித்தால் நாற்று கருகிவிடும் என்று தோட்டத்துக் கங்காணிக்குத் தெரிகிறது.

விவேகம் தென்படாவிட்டால் எதுவரை காத்திருப்பது? இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் 25 வயது வரை என்றார்கள். அவர்களுடைய இரு மாணவர்களும், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும் விவேகம் வரும் வரை என்றார்கள். யாருமே 18 வயதில் பெட்டியைக் கையில் கொடுத்து வாசலைக் காட்டச் சொல்லவில்லை.

இது ஏட்டுச் சட்டமல்ல, சகோதரர்களே. 2021ஆம் ஆண்டு கொரோனா நோயில் தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கென்று தமிழக அரசு தலா 5 லட்சம் ரூபாயை வைப்பு நிதியாகப் போட்டது. 18 வயது நிரம்பியதும் வட்டியுடன் கிடைக்கும் என்று அறிவித்தது. அதே ஆண்டில் ஒன்றிய அரசு அறிவித்த பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 18 வயதில் 10 லட்சம் ரூபாய் அளவுக்கு நிதி சேரும். அதிலிருந்து மாதந்தோறும் உதவித்தொகையும், 23 வயதில் முழுத்தொகையும் கிடைக்கும் என்று ஏற்பாடு. அன்று 13 வயதாக இருந்தவர்கள் 18ஐ எட்டும் காலம் இது. பணம் வருகிறது. பணத்தோடு பணத்தைக் கண்டு வருபவர்களும் வருகிறார்கள். ஐந்தாண்டு எட்டிப் பாராத சிறிய தந்தை திடீரென்று பாசம் கொள்கிறார். வியாபாரத்தில் கூட்டுச் சேர்கிறேன் என்கிறார் ஒருவர். எத்தீமின் சொத்தை அநியாயமாக உண்பவர் தம் வயிற்றில் நெருப்பையே நிரப்புகிறார் என்று அதே அத்தியாயத்தின் பத்தாம் வசனம் எச்சரிப்பதை அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? சாட்சிகளை வைக்கச் சொன்னானே இறைவன், அந்தச் சாட்சிகள் எங்கே? அந்தப் பிள்ளையுடன் வங்கிக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார ஜமாஅத்தில் இரண்டு நேர்மையாளர்கள் வேண்டும். இளம் பெண்ணாக இருந்தால் இரண்டு தாய்மார்கள் போகட்டும்.

நபித்தோழர் ஸாலிம் (ரலி) அவர்களின் வரலாற்றைக் கேளுங்கள். அவர் ஓர் அன்சாரிப் பெண்மணியால் விடுதலை செய்யப்பட்ட அடிமை. குறைஷிக் குலத்துப் பிரமுகரான அபூஹுதைஃபா (ரலி) அவர்கள் அவரை மகனாக வளர்த்தார்கள். வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய சொந்தத் தந்தையின் பெயராலேயே அழையுங்கள், தந்தையார் யாரென்று தெரியாவிட்டால் அவர்கள் உங்கள் மார்க்கச் சகோதரர்கள் என்ற கட்டளை (33:5) இறங்கியபோது, ஸாலிமுக்குத் தந்தை பெயர் தெரியவில்லை. ‘அபூஹுதைஃபாவின் மவ்லா’ என்றே அவர் வரலாற்றில் நிலைத்துவிட்டார். பெயர் மாறியது, வீடு மாறவில்லை. அபூஹுதைஃபா தம் சொந்தச் சகோதரரின் மகளையே அவருக்கு மணமுடித்து வைத்தார் என்று புகாரியில் இருக்கிறது. குலப்பெருமை கொடிகட்டிப் பறந்த சமூகத்தில் எவ்வளவு பெரிய காரியம் அது! ஸாலிம் குர்ஆனில் மேலோங்கினார். யாரிடம் குர்ஆன் கற்க வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் பெயர் சொன்ன நால்வரில் அவர் ஒருவர். குபாவில் உமர் (ரலி) உள்ளிட்ட முதல் முஹாஜிர்களுக்கு அவர் இமாமாக நின்று தொழ வைத்தார். யமாமா போரில் வளர்த்தவரும் வளர்க்கப்பட்டவரும் ஒன்றாகவே ஷஹீதானார்கள்.

நம் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வும் இதுதானே. எட்டு வயதில் பாட்டனாரை இழந்து அபூதாலிபிடம் வந்தார்கள். 25 வயதில் கதீஜா (ரலி) அவர்களை மணந்தபோது நிகாஹ் சபையில் எழுந்து பேசியவர் அபூதாலிப்தான் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். அதற்குப் பின்னும், பெருமானாருக்கு ஏறத்தாழ 50 வயதாகி அவர் இறக்கும் வரை, அந்த அரவணைப்பு நீடித்தது. பஞ்ச காலத்தில் அபூதாலிபின் பாரத்தைக் குறைக்க அவருடைய மகன் அலீயைப் பெருமானார் தம் வீட்டில் வைத்து வளர்த்தார்கள்.

இனி நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். மகனாகப் பெயர் மாற்றித் தத்தெடுப்பதை நம் மார்க்கம் ஏற்கவில்லை. ஆனால் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று ஒரு வழி இருக்கிறது. பிள்ளையின் பெயரும் வம்சமும் அப்படியே இருக்கும்; ஒரு குடும்பம் அதைத் தன் வீட்டில் வைத்து வளர்க்கும். நாம் ‘கஃபாலா’ என்று சொல்வதற்கு இது மிக நெருக்கமானது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 20ஆம் பிரிவில் கஃபாலா என்ற நம் சொல்லே இடம்பெற்றிருக்கிறது. விரும்புகிற குடும்பத்தினர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு விசாரித்து முடிவு செய்யும். நல்ல எண்ணத்தில்கூட யாரும் ஒரு பிள்ளையைத் தாமாகவே அழைத்து வந்து வைத்துக் கொள்ளாதீர்கள். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இல்லத்திலிருந்து வெளியேறும் இளைஞருக்கு 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, ‘பிற்காப்பு’ உதவிக்கும் அதே திட்டத்தில் இடமுண்டு. இந்த உதவி இருப்பதே பல பிள்ளைகளுக்குத் தெரியாது. விண்ணப்பம் எழுதித் தர நம்மில் ஒரு பட்டதாரி போதும்.

வயது வந்த பிள்ளையை வீட்டில் வைத்தால் மஹ்ரம் பிரச்சினை வருமே என்ற கேள்வி நியாயமானது. அதைப் புறக்கணிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சாக்காக்க வேண்டாம். ஆண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் ஒரு பையனையும், பெண் பிள்ளைகளோடு வாழும் தாய்மார் வீட்டில் ஒரு பெண்ணையும் வைக்க முடியும். மாடியில் தனி அறை உள்ளவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த அறைகளை வாடகைக்கு விடுகிறீர்கள். வீட்டில் வைக்க இயலாதவர், வெள்ளிக்கிழமை மதிய உணவுக்கு ஒரு பிள்ளையை நிரந்தரமாக அழைக்கலாம். பெருநாள் காலையில் அவனுக்குப் போக ஒரு வாசல் இருக்கும்.

கேரளத்துத் திரூரங்காடியில் 1943ஆம் ஆண்டுக் காலரா காலத்தில் எம்.கே. ஹாஜி முதலியோர் ஓர் எத்தீம்கானாவைத் தொடங்கினார்கள். குழந்தைகள் வளர்ந்தார்கள், வளர்ந்த பின் எங்கே போவார்கள் என்று அந்தப் பெரியவர்கள் கேட்டுக் கொண்டிருக்க வேண்டும். 1968இல் அந்த எத்தீம்கானாவின் நிர்வாகத்திலேயே ஒரு கல்லூரி எழுந்தது. பி.எஸ்.எம்.ஓ. கல்லூரி என்கிறார்கள். அப்பெயரின் கடைசி எழுத்து அநாதை இல்லத்தைக் குறிக்கிறது. இன்று வசதியான வீட்டுப் பிள்ளைகளும் அந்தப் பெயர் பொறித்த சான்றிதழைத்தான் வாங்கிச் செல்கிறார்கள்.

நாம் கல்லூரி கட்ட வேண்டியதில்லை. ஒரு கடிதம் போதும். நம் வழக்கத்தில் நிகாஹ் என்றால் மாப்பிள்ளை ஜமாஅத்தும் பெண் ஜமாஅத்தும் கடிதம் தர வேண்டும். இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்தால், ‘எந்த ஜமாஅத்?’ என்ற முதல் கேள்வியிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. வலீ இல்லாதவருக்கு ஆட்சியாளர் வலீ என்பது நபிமொழி. ஆட்சியாளர் இல்லாத இடத்தில் காஜியும் ஜமாஅத்தும் அப்பொறுப்பை ஏற்கிறார்கள். எனவே அத்தகைய பிள்ளைகளின் பெயரை நம் மஹல்லா பதிவேட்டில், சந்தாவுக்குக் காத்திராமல், எழுதிக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக் கொண்டேன். அவர்களும் இசைந்துள்ளார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அருள்புரிவானாக! இன்று தொழுகைக்குப் பின் முத்தவல்லி அவர்களும் நானும் பதிவேட்டுடன் முன் வராந்தாவில் இருப்போம். தெரிந்த பிள்ளை இருந்தால் பெயரையும், இப்போது எங்கே தங்கியிருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்ட லைன் வீடுகளில் இருப்பவர்களை விசாரிக்க வரும் ஞாயிறு நான்கு பேர் போகிறோம். ஜீப் வைத்திருப்பவர் யாராவது கூட வந்தால் நலம்.