இடையில் நிற்பவர் எதற்கு?



ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஒரே தையல் வரிசையில் இரண்டு விதமான பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். தைப்பது ஒரே அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம். அது போய்ச் சேர்வதும் ஒரே ஐரோப்பியக் கடை. ஒருவர் பெயர் கம்பெனிப் பதிவேட்டில், இன்னொருவர் பெயர் கான்ட்ராக்டர் நோட்டில். இரண்டு ஆண்டுக்குள் 480 நாள் வேலை பார்த்தால் நிரந்தரம் என்று தமிழ்நாட்டுச் சட்டம் 1981-லேயே சொன்னது. அந்த நாள்கணக்கு முடிவதற்குள் பெயர் வேறு கான்ட்ராக்டர் நோட்டுக்கு மாறிவிட்டால் எதைக் காட்டி வழக்குப் போடுவது?

முதலாளிகள் தரப்பையும் கேட்டுவிடுவோம். ஷூ ஆர்டர் சீசனைப் பொறுத்தது, ஆர்டர் குறையும்போது ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்கிறார்கள். பொய்யில்லை. வெளிநாட்டு ஆர்டர் நின்றால் பேரணாம்பட்டு வரை அடுப்பு எரியாது என்பது இங்கே கூடியிருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

அதற்குத்தானே குறித்த கால வேலை வந்தது! மத்திய அரசு 2016-ல் ஆயத்த ஆடைத் தொழிலுக்குக் கொண்டு வந்ததை 2018-ல் எல்லாத் தொழிலுக்கும் விரித்தது. கம்பெனியே நேரடியாக ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஆள் எடுக்கலாம்; சம்பளமும் சலுகையும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சமம். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், அப்படிப்பட்டவருக்கு ஓராண்டிலேயே கிராஜுவிட்டி உண்டு. காலம் முடிந்ததும் புதுப்பிக்காமல் விட்டால் கேட்க நாதியில்லை, சங்கத்தில் சேரவே ஆள் தயங்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனாலும் நடுவில் ஒருவர் நிற்பதில்லை. சீசன்தான் காரணம் என்றால் கான்ட்ராக்டர் எதற்கு?

பொறுப்பைக் கைகழுவத்தான்!

கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் ஆலைக்காரர் தரவேண்டும் என்று 1970-லேயே சட்டம் எழுதியது. வேலையில் அடிபட்டவருக்கு இழப்பீடும் அப்படியே என்று 1923-லேயே எழுதியாகிவிட்டது. புதிய தொகுப்புகளும் அவற்றை நீக்கவில்லை. ஆனால் 20 பேர் வைத்திருந்தாலே கான்ட்ராக்டருக்கு உரிமம் வேண்டும் என்றிருந்ததை 50 ஆக்கிவிட்டார்கள். இனி எத்தனை நோட்டுகள் 49-ஆம் பெயரோடு நிற்கும், பாருங்கள்.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி உயிர்போகும்போதும் வருகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலைக்குள் படுத்துறங்கிய 10 பேரைச் சேறு மூடிக் கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். இப்படி ஊர்விட்டு வந்தவர் ஆலைக்குள் செத்தால், எந்த நோட்டில் பெயர் இருந்தது என்ற கேள்வியா முதலில் வரவேண்டும்?

நோட்டிலும் இல்லாத ஒரு கூட்டம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் அப்பர் தைக்கும் நம் தாய்மார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, கண் மங்கினால் ஆஸ்பத்திரிச் செலவும் அவர்களுடையதே. வீட்டுவழித் தொழிலாளருக்காக பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-ஆம் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை.

ஆகவே கோரிக்கை இரண்டே. அப்பர் தைப்பதும் தோல் பதனிடுவதும் இந்த ஆலைகளின் மையத் தொழில். மையத் தொழிலில் ஒப்பந்த ஆள் கூடாது என்று புதிய தொகுப்பிலுள்ள விதியை, விதிவிலக்குச் சந்துகளில் நழுவவிடாமல் ராணிப்பேட்டை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டத் தொழிலாளர் அதிகாரிகள் அமல்படுத்த வேண்டும். யாருடைய நோட்டில் யார் பெயர் என்ற பட்டியலை, திண்ணைத் தையல்காரர்களையும் சேர்த்து, ஒவ்வொரு கம்பெனியும் வாசலில் ஒட்ட வேண்டும்.