கடை திறந்தவர் ஆள் பார்க்கலாமா?



ஆனைக்குட்டத்திலிருந்து சிவகாசிக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பது என் தொழில். 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு எங்களைப் போன்றவர்களையும் தொடுகிறது. கொலராடோ மாநிலத்தில் லோரி ஸ்மித் என்ற இணையதள வடிவமைப்பாளர், தன்பாலினத் திருமணங்களுக்குத் தளம் செய்து தரமாட்டேன், அது என் சமய நம்பிக்கைக்கு விரோதம் என்றார். ஒன்பது நீதிபதிகளில் ஆறு பேர் அவர் பக்கம் நின்றார்கள். தளம் என்பது அவருடைய பேச்சு. மனசுக்கு ஒவ்வாததைப் பேசும்படி அரசு ஒருவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார்கள்.

அந்த வாதத்தை எங்கள் பிரஸ்ஸுக்குள் கொண்டுவந்து பாருங்கள். முகூர்த்த மாதத்தில் ஒரே மேஜையில் விநாயகர் படம் போட்ட பத்திரிகை, பிறை போட்ட நிக்காஹ் அழைப்பு, சிலுவை போட்ட அட்டை மூன்றும் காய்ந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே பெரியார் படத்தோடு, சாமி பெயரே இல்லாத சுயமரியாதைத் திருமண அழைப்பு. மெஷின் ஓட்டுகிறவர் நெற்றியில் பட்டை போட்ட முருக பக்தர். நிக்காஹ் அழைப்பைக் கையில் வாங்குகிறவர் யாராவது, இது அச்சுக்காரரின் நம்பிக்கை என்று நினைப்பாரா? எங்கள் பெயர் அடி ஓரத்தில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய எழுத்தில் இருக்கும். காலண்டரும் அப்படித்தான். ஆடிப் பதினெட்டுக்குப் புது ஆல்பம் வரும்போது அதில் எல்லாச் சாமியும் உண்டு, எல்லாத் தலைவரும் உண்டு. பத்திரிகையில் இருப்பது அழைக்கிறவரின் பேச்சு. எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் அது எங்கள் குற்றம்.

சட்டம் ஏற்காத திருமணத்துக்கு எப்படி அச்சடிப்பது என்று கேட்கும் நேயர்களும் இருப்பீர்கள். தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர நமது உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17 அன்று மறுத்துவிட்டது, உண்மைதான். ஆனால் 1967-ல் அண்ணா ஆட்சி சட்டம் கொண்டுவரும் வரை சுயமரியாதைத் திருமணத்துக்கும் அங்கீகாரம் கிடையாது. அதற்காக அழைப்பிதழ் அச்சாகாமலா இருந்தது?

ஒரு தை மாதம் எங்கள் கடைக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். கல்யாணத்துக்கு அல்ல, புதுமனை புகுவிழாவுக்கு. டிடிபி போடும் தம்பி, அழைப்பவர் பெயர் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, “அண்ணன் தம்பியாண்ணே?” என்று கேட்டான்.

“இல்லப்பா. நாங்க ரெண்டு பேரும் சேந்து வாழுறோம். லோன் போட்டுக் கட்டுன வீடு.”

சொல்லிவிட்டு இருவரும் எங்களைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டர் திரையையே பார்த்தார்கள். வேறொரு கடையில் கார்டெல்லாம் எடுத்துக் காட்டிவிட்டு, விஷயம் தெரிந்ததும் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினார்களாம். “யார் பேரு முதல்ல வரணும்?” என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வி வரை வந்து சேருவோம் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புரூஃப் வந்தபோது உயரமானவர் தன் பெயரை விட்டுவிட்டு, மற்றவர் பெயரின் ஒவ்வொரு எழுத்துக்குக் கீழும் விரல் வைத்துச் சரிபார்த்தார். கல்யாணப் பத்திரிகையைப் பெற்றவர்கள் சரிபார்ப்பதும் அப்படித்தான்.

நேரம் குறைவு, சட்டத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். அரசியல் சாசனத்தின் 15-ஆம் பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் பார்த்து யாரையும் கடைக்குள் விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. இது அரசுக்கு மட்டுமல்ல, தனியாருக்கும் சேர்த்துத்தான். அங்கே கடை என்பது தேடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக இருக்கும் இடம் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் விளக்கினார். 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றிய வழக்கின் தீர்ப்பில், பால் என்பதற்குள் பாலீர்ப்பும் அடங்கும் என்று நீதிபதிகள் சிலர் எழுதினார்கள். திருநர்களுக்குச் சேவை மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் நேரடியாகவே தடுக்கிறது. தன்பாலீர்ப்பாளர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லிப் பாதுகாக்கும் சட்டம் இன்னும் இல்லை. அந்த இளைஞர்கள் முதல் கடைமேல் வழக்குப் போட்டிருந்தால், தீர்ப்புகளின் வரிகளைத்தான் பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். இது எனக்கு ஆறவே இல்லை.

அச்சுக்காரருக்கு மறுக்கும் உரிமையே இல்லையா என்றால், உண்டு. ஒரு சாதியை இழிவு செய்யும் நோட்டீஸ் யார் கொண்டுவந்தாலும் நான் அடிக்க மாட்டேன். அங்கே நான் மறுப்பது வாசகத்தை. எல்லோருக்கும் அடித்துத் தரும் அதே புதுமனை அழைப்பை, வந்த ஆளைப் பார்த்து மறுப்பது வேறு. இங்கிலாந்தில் கார்ன்வால் பகுதி விடுதி ஒன்று இரண்டு ஆண்களுக்கு இரட்டைப் படுக்கை அறை தர மறுத்தது; அது சட்டவிரோதம் என்று 2013-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பக்கம் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1899-ல் சிவகாசி கலவரத்தில் எரிந்ததே, யார் கோயிலுக்குள் வரலாம் என்ற தகராறில்தான். டீக்கடை தனிக்குவளையைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

பிரஸ் வைத்திருக்கும் நண்பர்களே, ஆர்டர் நோட்டில் மணமகன், மணமகள் என்று அச்சடித்த கட்டங்களை எடுத்துவிட்டு, பெயர் என்று மட்டும் இரண்டு இடம் விடுங்கள். நோட்டு நம் கையில் இருக்கிறது, அதை இந்தச் சீசனிலேயே செய்யலாம். பெயர் சொல்லிப் பாதுகாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும், செய்யும் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.