தண்ணீர் நின்ற ஆலைக்கு வாடகை உண்டா?



ஊர்ப் பெயரிட்டு பிளம்பரைத் தேடுவோருக்குக் கூகுளில் முதலில் தென்படும் இணையதளத்தை ஒருவர் உருவாக்குகிறார். அதை அவ்வூர் பிளம்பருக்கு மாத வாடகைக்கு விடுகிறார். இது கூடுமா, எவ்வளவு கேட்கலாம் என்று இளைஞர்கள் வினவுகின்றனர்.

இது இஜாராவே. பயனும் கூலியும் இன்னதென அறியப்பட்டிருந்தால் கூடும். ஆனால் இங்கே பயன் எது? முதலிடம் அன்று, அது கூகுளின் கையில் உள்ளது. பிளம்பர் பெறுவது வாடிக்கையாளரின் அழைப்பையே. ஆகவே, சென்ற மாதங்களில் வந்த அழைப்புகளின் கணக்கைக் காட்டி விலை பேசுங்கள். 20 அழைப்புகளில் 4 வேலையாகி, ஒவ்வொன்றிலும் 500 ரூபாய் மிஞ்சினால் அவர் காண்பது 2,000. அதில் 1,800ஐ வாடகையாகக் கேட்பவர், அவருடைய பிள்ளைகளையும் சற்று எண்ணிப் பார்க்கட்டும்!

தளம் பின்னுக்குப் போய் அழைப்பே நின்றுவிட்டால்? வாடகைக்கு விட்ட ஆலைக்கு வரும் தண்ணீர் நின்றுபோனால் ஒப்பந்தம் முறியும் என்கிறது, இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயா. இதுவும் அத்தகைய ஆலைதான். அழைப்பு குறைந்தால் வாடகையும் குறையும் என்று முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

பொய்யான பாராட்டுரைகளை எழுதித் தளத்தை உயர்த்துவது, நபி (ஸல்) அவர்கள் தடுத்த நஜ்ஷின் இனத்தைச் சேர்ந்தது. இல்லாத கடையைக் கூகுள் வரைபடத்தில் பதிவதும் ஏமாற்றே. அழைப்புகளைத் திரட்டி விற்போருக்கு அப்பதிவுக்குத் தகுதியில்லை என அந்நிறுவனத்தின் விதியே கூறுகிறது.

இன்னொன்று. ஐந்தாண்டு வாடகை தந்தவர் விலகினாலும் தளம் உங்களுடையதே; மறுநாள் அதே அழைப்பு அவருடைய போட்டியாளருக்குச் செல்லும். இதைக் கையெழுத்துக்கு முன்பே அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.